திருப்பி அடிக்கும் வண்டி

கண்மாய்க் கரை ஏற்றத்தில் பாதி தூரத்திலேயே ஜாய்லின் ஓட்டிய புல்லட் திணறி நின்றபோது, பின்னால் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் மாணிக்கராஜ் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் ஆராதனை முடிந்து சபைக்காரர்கள் வேனில் வந்தார்கள். யாரோ கைகூட அசைத்தார்கள். புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று இவர்களைத் தாண்டிக்கொண்டு ஏறிப் போனது.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையின் முடிவில் ஜாய்லின் புருஷனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமைக்குள் இரண்டாள் கனத்தோடு வண்டி அந்த ஏற்றத்தை ஏற வேண்டும். ஏறாவிட்டால் விற்றுவிடலாம். மாணிக்கராஜ் அதோடு நிற்கவில்லை. கடையநல்லூரில் பழைய வண்டிகளை வாங்கிச் சேர்க்கும் ஃபாரூக்கைச் சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லிவிட்டான்.

வண்டி அவள் வாங்கியது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வருஷக்கணக்காக ஊசி குத்திச் சேர்த்த பணம். குருவிகுளம் பக்கம் ஒரு தோட்டத்து மோட்டார் ரூமில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டியை, மெக்கானிக் மாரிச்செல்வத்தின் பட்டறைக்குக் கொண்டுவந்து, லீவு நாளெல்லாம் கூடவே நின்று துருவைத் தேய்த்தாள். பெயிண்ட், சீட்டு, விளக்கு எல்லாம் புதுசுபோல ஆகிவிட்டன. இழுவை மட்டும் இல்லை. கார்புரேட்டரைக் கழுவிப் பார்த்தாள், கிளட்சைப் பார்த்தாள். சைலன்சர் குழாய் மட்டும் நாளுக்கு நாள் சூட்டில் நீலம் பாய்ந்துகொண்டே போனது.

சனிக்கிழமை காலை பட்டறைக்குப் போய் அந்த நீலத்தைக் காட்டினாள்.

"இது ஸ்பார்க் லேட்டா வர்றதுக்கு அடையாளமாமே. நெசமா?"

மாரிச்செல்வம் தலையைச் சொறிந்தான். "நாந்தான் டைமிங்கக் கொஞ்சம் பின்னுக்கு வச்சேன்க்கா."

"எதுக்கு?"

"சரியா வச்சா கிக்கர் திருப்பி அடிக்கும்லா. எத்தன ஆம்பளயாளு காலொடிஞ்சு கெடந்திருக்கான். நீங்க பொம்பளயாளு. பூ மாதிரி ஸ்டார்ட் ஆவட்டும்னுதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"சொன்னா ஒத்துக்கிட மாட்டீங்கள்லா."

அவனிடம் சூது இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. ஏமாற்றியிருந்தால் நன்றாகத் திட்டியிருக்கலாம். மதுரையில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தபோது, அவளைக் கேட்காமலே வேண்டாமென்று எழுதிப்போட்ட அப்பாவும் கெட்டவர் இல்லை. அலைச்சல் எதற்கு என்றுதான் நினைத்தார். இவளுக்கு இவ்வளவு போதும் என்று யார் யாரோ பிரியமாக அளந்து வைத்ததை, தன்னால் முடிந்ததே அவ்வளவுதான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். ஏற்றத்தில் வண்டி நின்ற அன்றும், தனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று ராத்திரியெல்லாம் வெட்கப்பட்டாளே!

"இப்பம் சரியா வச்சுக் குடு."

"ஐயையோ, ஒங்க வீட்டு அண்ணாச்சி என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாக. நான் தொட மாட்டேன்."

"நீ தொட வேண்டாம்."

டைமிங் பார்க்க மாரிச்செல்வம் சிகரெட் தாளைத்தான் பயன்படுத்துவான். அவ்வளவு மெல்லிய தாள் அவள் வீட்டில் கிடையாது. தெருமுனைக் கடையில் போய் நின்றாள்.

"ஒரு சிகரெட் குடுங்க."

கடைக்காரர் வாழைத்தாருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "சாருக்காம்மா? சாருக்குப் பழக்கம் கெடையாதே."

"எனக்குத்தான்."

வண்டிக்கு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டாள். இன்றைக்கு யாருக்கும் எதற்கும் விளக்கம் சொல்ல மனசில்லை.

அவள் வீடு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்திருந்தது.

"ஏட்டி, கடையில போயி சிகரெட் கேட்டியாமே?" மாணிக்கராஜ் வாசலிலேயே நின்றான்.

"கேட்டேன். குடுத்தாரு." அவன் கண் முன்னாலேயே சிகரெட்டைக் கீறிப் புகையிலையைக் கீழே கொட்டினாள்.

"காசு குடுத்து வாங்கிக் கிழிக்காளே! கிறுக்குதான் புடிச்சிருக்கு."

அவள் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு சைக்கிள் கம்பியை விட்டாள். பின்சக்கரத்தை மெல்ல உருட்ட, உள்ளே பிஸ்டன் ஏற ஏறக் கம்பியும் ஏறியது. கரண்டைத் திறந்து மூடும் பாயிண்டின் இரண்டு முனைகளும், இடையில் அவள் செருகிய தாளைக் கவ்விப் பிடித்திருந்தன. அவை திறந்து தாள் எங்கே நழுவுகிறதோ அங்கேதான் ஸ்பார்க் வரும். பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு மயிரிழை முன்னால் நழுவ வேண்டும். கம்பி உச்சிக்குப் போயிற்று. தாள் அசையவில்லை. கம்பி கீழே இறங்கத் தொடங்கிய பிறகுதான் விட்டது. இத்தனை தாமதமா!

பாயிண்ட் தகட்டின் திருகைத் தளர்த்திப் பொட்டளவு திருப்பினாள். மறுபடி சக்கரம், மறுபடி தாள். ஊசி நரம்புக்குள் இறங்கும் கணத்தை அறிந்த விரல்கள் அவை. கடைசியில், கம்பி உச்சியைத் தொட இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. திருகை இறுக்கினாள்.

கிக்கரில் கால் வைத்தபோது, காலொடிந்த ஆம்பளைகள் எல்லோரும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். உதை பாதியில் தயங்கியது. கிக்கர் திருப்பி அடித்ததில் பாதத்திலிருந்து முழங்கால்வரை நெருப்புப் பாய்ந்தது.

மாணிக்கராஜ் ஓடிவந்தான். "சொன்னேம்லா! ஐஸ் எடுத்துட்டு வாரேன், உக்காரு."

"தள்ளி நில்லுங்க."

முழுசாக உதைத்திருந்தால் அடித்திருக்காது. நடுவில் பயந்தாள், அதற்குத்தான் அடி. எழுந்து நின்று, உடம்பின் கனம் முழுவதையும் அந்தக் காலில் இறக்கினாள்.

வண்டி பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இதுவரை அவள் கேட்காத சத்தம்.

"ஏறுங்க, கண்மாய்க் கரைக்குப் போவோம்."

"எவன் ஏறுவான்? திரும்பியும் நடுரோட்டுல எறங்கித் தள்ளவா? ரெண்டாள் கனம் இல்லாம ஏறுனா கணக்கில்ல, பாத்துக்க."

அவள் உள்ளே போய் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் இரண்டையும் இழுத்துவந்து பின்சீட்டில் வைத்துக் கட்டினாள்.

"ஏட்டி, அது சோத்துக்கு வச்சிருக்க அரிசி!"

அவனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். அவன் கனத்துக்கு இது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். மூலையில் கிடந்த பழைய தண்ணி மோட்டாரையும் தூக்கி மேலே வைத்துக் கட்டினாள்.

ஏற்றத்தின் அடியில் அவள் வேகம் கூட்டவில்லை. வண்டி தானாக ஏறட்டும் என்றுதான் விட்டாள். போன வாரம் நின்ற இடம் வந்தது. போனது. கியரை மாற்றக்கூட இல்லை. கரை உச்சிக்கு வந்து வண்டியை வேண்டுமென்றே அணைத்தாள். போன் அடித்தது.

"ஃபாரூக் வந்தாச்சு. வண்டி எங்கன?"

"கரை மேல நிக்கி. ஏறிட்டு."

"நான் பாக்கலையே."

"நீங்க பாக்கணும்னு நான் வாக்கு குடுக்கல. ஏறணும்னுதான் குடுத்தேன்."

"மனுசன் இம்புட்டுத் தூரம் வந்திருக்காரு. அவர்ட்ட நான் என்னன்னு சொல்ல?"

"டீ போட்டுக் குடுங்க. வண்டி விக்கதா இல்லைன்னு சொல்லுங்க."

போனைப் பையில் போட்டாள். வலது பாதம் வீங்கிச் செருப்பு வாரில் பிதுங்கிக்கொண்டிருந்தது. வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பாமல், கரைக்கு அந்தப் பக்கம் வாசுதேவநல்லூர் போகும் திசையிலேயே வைத்துக்கொண்டு, அந்தக் காலையே தூக்கிக் கிக்கரில் வைத்தாள்.