முடி வெட்ட அனுமதி

நகரக் கவுன்சிலின் வக்கீல் பார்டோ கோர்ட்டில் தேன் ஒழுகப் பேசினார்.

"மை லார்ட், மிசஸ் கேட்ஸ்பி கவுன்சிலோட ஊழியர் கிடையாது. பிள்ளையை ஒரு குடும்பத்துல விட்டோம், அவ்வளவுதான். அன்றாட வளர்ப்பு அவங்க கையில. கதவுக்குள்ள நடந்ததுக்குக் கவுன்சில் எப்படிப் பொறுப்பாகும்?"

கதவுக்குள் நடந்தது எனக்குத் தெரியும். எனக்கு ஏழு வயதில் அம்மா மனநல மருத்துவமனைக்குப் போனாள். கோர்ட்டு என்னைக் கவுன்சிலிடம் ஒப்படைத்தது. கவுன்சில் என்னை ஈனிட் கேட்ஸ்பி வீட்டில் வளரவிட்டது. ஆன்ட்டி என்று கூப்பிட வேண்டும். அந்த ஆன்ட்டி என் முடியைக் கையில் சுற்றி, மாடியிலிருந்து பதின்மூன்று படியும் இழுத்துக்கொண்டு இறங்குவாள். படுக்கை ஈரமானால் ஒரு முறை, தட்டில் முட்டைகோஸ் மிஞ்சினால் ஒரு முறை. கவுன்சில் அதிகாரி மாதம் ஒரு தடவை வருவார், முந்தின நாளே போன் செய்துவிட்டு. திருடனிடம் நேரம் சொல்லிவிட்டு வரும் போலீஸ்! அன்றைக்கு எனக்கு ரிப்பன் கட்டுவாள், மேசையில் கேக் இருக்கும். "ஜனீன் நல்லா இருக்காளா?" என்று அவர் ஆன்ட்டியைத்தான் கேட்பார். என்னை ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆன்ட்டி செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவளை இனி எந்தக் கூண்டிலும் ஏற்ற முடியாது. என்னை அங்கே வைத்தவர்களாவது 'எங்கள் பொறுப்புத்தான்' என்று சொல்லியாக வேண்டும். நாற்பத்தொன்பது வயதில் கவுன்சில் மேல் நான் வழக்குப் போட்டது அது ஒன்றுக்காகத்தான்.

மதிய இடைவேளையில் என் வக்கீல் பெர்னடெட் சாண்ட்விச்சைக் கடித்தபடி என் கோப்பைப் புரட்டினாள். கவுன்சில் கொடுத்தது இரண்டு பெட்டிக் காகிதம், வெளியே தெரியக் கூடாதென்று பாதிக்குக் கறுப்பு மை பூசியிருந்தது.

"அன்றாட வளர்ப்பாம்!" என்றேன். "ஆன்ட்டிக்கு என் முடியை வெட்டக்கூட அதிகாரம் இல்ல."

"என்னது?"

"கவுன்சில் கையெழுத்துப் போடாம கத்திரியைத் தொடக் கூடாது. எங்களை மாதிரிப் பிள்ளைங்க எல்லாருக்கும் அப்படித்தானே?"

அவள் சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள். "அடிப்பாவி! ரெண்டு வருஷமா இதை ஏண்டி சொல்லல?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? ஊருக்கே தெரிஞ்சதுதானே."

ஊருக்குத் தெரியாது. பெற்றவளிடம் வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கையெழுத்தைத் தேடி பெர்னடெட் இரண்டாவது பெட்டியைக் கவிழ்த்தே விட்டாள்.

மதியம் அவள் கோர்ட்டில் இரண்டு கடிதங்களை வாசித்தாள். நானும் அப்போதுதான் கேட்கிறேன். முதலாவது ஆன்ட்டி எழுதியது: 'பிள்ளைக்கு இடது காதுக்கு மேலே முடி கொத்துக் கொத்தாகப் போய்விட்டது. பள்ளியில் கேட்கிறார்கள். ஒட்ட வெட்ட அனுமதி வேண்டும்.' அடுத்தது கவுன்சிலின் பதில்: 'அனுமதி இல்லை. முன்முடியை மட்டும் அரை அங்குலம் வெட்டலாம்.' கீழே முத்திரை, கையெழுத்து.

யாருக்கும் தெரியாது என்றுதானே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்! தெரிந்திருக்கிறது. தெரிந்தும், அங்குலக் கணக்கில் பதில் எழுதியிருக்கிறார்கள்.

"அரை அங்குலத்துக்கு அளவு சொன்னவங்க, மை லார்ட், வளர்ப்பு எங்க கையில இல்லங்கறாங்க," என்றாள் பெர்னடெட்.

"அது வெறும் நிர்வாக நடைமுறை..." என்று இழுத்தார் பார்டோ.

"முடி ஏன் போச்சுன்னு யாராவது நேர்ல போய்ப் பார்த்தாங்களா?" என்று நீதிபதி கேட்டார்.

பார்டோ தாள்களைப் புரட்டினார். முதலிலிருந்து மறுபடியும் புரட்டினார். "அப்படி ஒரு குறிப்பும் இல்லை, மை லார்ட்."

என்னால் உட்கார முடியவில்லை.

"குறிப்பு இங்க இருக்கு, பாருங்கய்யா!" இடது காதுக்கு மேலே முடியை ஒதுக்கிக் காட்டினேன். இன்றுவரை ஒரு முடிகூட முளைக்காத வழுக்கை, உள்ளங்கை அகலம். "முடி உங்களுதுன்னா, இந்தத் தலை யாருது?"

கோர்ட் சிப்பந்தி என்னை உட்கார வைக்க ஓடி வந்தார். நீதிபதி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"மிஸ்டர் பார்டோ," என்றார், "அந்தம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."