ஆகஸ்டில் நிறையும் தீவு

...கப்பல் வந்து நிற்பது கீழே, ஊர் இருப்பது மேலே, ஏனென்றால் அந்தக் காலத்தில் கடற்கொள்ளையர் பயம், கடலிலிருந்து பார்த்தால் ஒரு வீடும் கண்ணில் படாதபடி மலைமடிப்புக்குள் ஒளித்துக் கட்டினார்கள், வெனிஸ்காரன் வந்தான், துருக்கிக்காரன் வந்தான், எல்லோரும் வரிதான் வாங்கினார்கள்... இந்த இடத்தில் லேசாகச் சிரிக்க வேண்டும். தாகேதா பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் நின்றபடியே ஆன்மேரி சிரித்துப் பார்த்துக்கொண்டாள், கன்னத்தில் தனகா மரச்சாந்து பூசிய எதிர்சீட்டுக்காரியும் பதிலுக்குச் சிரித்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஏஜென்சி அறையில், வீடியோ காலில் அந்தக் கிரேக்க முதலாளியம்மா, அவள் தீவில் விடுதி வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். "தீவப் பத்தி நாலு வார்த்த சொல்லு தங்கச்சி, அந்தம்மா மனசு எளகிரும்" என்று ஏஜென்ட் பர்கத்துல்லா சொன்னது நாலு வார்த்தை, இவள் தீவையே கரைத்துக் குடித்துவிட்டாள். வேலை கிடைக்குமா? கிடைக்காமல் எங்கே போகும்.

விளைச்சலைப் பற்றிக் கேட்டால்? பாறை நிலம், மழை குறைவு, பார்லி, அத்தி, ஆட்டுப்பால் சீஸ், தேன்... இங்கே த்வாண்டே வண்டல் மண்ணில் குச்சியை நட்டாலும் தளிர்க்கும், அங்கே கல்சுவர் கட்டினால்தான் மண்ணே நிற்குமாம், பாவம். அதனால்தான் ஆண்கள் கப்பலேறினார்கள், அலெக்ஸாண்டிரியா, அமெரிக்கா, இரண்டே வருஷம் என்று போனவர்கள் அங்கேயே பேரன் பேத்தி எடுத்தார்கள், அவர்கள் அனுப்பிய பணத்தில் எழும்பிய வீடுகளில் வருஷம் முழுக்கச் சாத்திய ஜன்னல்கள். அதனால்தானே வேலைக்கு ஆளில்லை, அதனால்தானே ஆன்மேரி. காலையில் அம்மா மரியபுஷ்பம் கேட்டாளே, "மாதா திருநாளுக்கு வந்துருவல்ல மேரி? எங்க இருந்தாலும் அன்னிக்கி எம்பிள்ளைங்க எல்லாம் கோயில்ல ஒரே பெஞ்சில இருக்கணும்." அப்பா இறந்த வருஷம் அம்மா நேர்ந்துகொண்டது, இதுவரை தவறியதில்லை. "ரெண்டு வருஷமும் வந்துருவேம்மா, மாதா மேல சத்தியம்." சொன்னால் என்ன, வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு உண்டே.

சரி, கடைசியில் திருவிழா, அவர்களுக்கும் அதே மாதாதான், அதே ஆகஸ்ட் பதினைந்துதான், இதைக் கேட்டால் முதலாளியம்மா உருகிவிடுவாள், போனவர்களெல்லாம் கப்பல் கப்பலாக வந்து இறங்குவார்கள், சாத்திய ஜன்னல்கள் திறக்கும், விடுதியில் ஒரு கட்டில்கூட... ஒரு கட்டில்கூடக் காலியாக இருக்காது. பஸ் நின்றது. எத்தனை தடவை ஒப்பித்த வரி இது, அன்றைக்கு அந்தக் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றுவது யார், அந்த மாதம் லீவு யார் கொடுப்பார்கள் என்று ஒருதரமாவது தோன்றியதா? இறங்குகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். வேலை கிடைத்துவிடும், அதில் இப்போதும் சந்தேகமே இல்லை, முதல்முறையாக அது பயமாக இருந்தது. ஏஜென்சிப் படியேறும்போது அந்தச் சிரிப்பைத் திரும்பவும் பழகினாள், வந்துவிட்டது, நன்றாகவே வந்தது... அந்தத் தீவிலிருந்து போனவர்களும் அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் கப்பலேறியிருப்பார்களோ?