மரியாதை ஸ்விட்ச்

மருத்துவமனை லிஃப்ட்களுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்யும் எங்கள் கம்பெனியில் தலைமைப் பொறியாளர் என் மாமனார். லிஃப்டை ஓட்டும் நிரல், எங்கள் பேச்சில் ‘கோடு’, அவர் எழுதியது. அதை எந்திரத்துக்குப் புரியும் எண்களாக மாற்றித் தரும் அசெம்பிளர் என் பொறுப்பு. வீட்டிலும் அவர்தான், இங்கேயும் அவர்தான், என் தலையெழுத்து.

பழைய அசெம்பிளர் ஒரு வாயில்லாப் பூச்சி. எட்டு பிட் இடத்தில் 255 வரைதான் அடங்கும். 300 என்று எழுதினால் 256ஐக் கழித்துவிட்டு 44ஐ உள்ளே வைக்கும், மூச்சுவிடாது. கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதும் அப்படியொரு எண்தான். ஸ்ட்ரெச்சர் பாதி நுழையும்போது கதவு மூடினால் நோயாளியின் கதி என்ன? அதனால், அடங்காத எண் வந்தால் எரர் காட்டி நின்றுவிடும்படி மாற்றினேன்.

முதல் ஓட்டத்தில் 411 எரர். அத்தனையும் மாமாவின் ஃபைலில்.

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. முக்கால்வாசி இடங்களில் வேண்டுமென்றேதான் அப்படி எழுதியிருந்தார். 44 வேண்டுமானால் 44 என்றே எழுதலாமே என்று கேட்டேன். 300இல் ஒரு கணக்கு இருக்கிறது என்றார். என்ன கணக்கு என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது.

“முப்பது வருஷமா ஓடுற கோடும்மா. உன் எரர் செக் பொறந்து மூணு நாள் ஆகுது. யாரு யாருக்குப் பதில் சொல்லணும்?”

எங்கள் மேலாளர், பாம்பும் சாக வேண்டும், கம்பும் முறியக் கூடாது என்பவர். ஆறு கூட்டம் போட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். ஃபைலின் தலையில் பத்து வருடத்துக்கு முந்தைய தேதி இருந்தால் அசெம்பிளர் வாயைத் திறக்கக் கூடாது. அந்த ஸ்விட்சுக்கு ‘மரியாதை’ என்று பெயரும் வைத்தார்.

இரண்டே வாரத்தில் ஆபீசில் புது ஃபைலே இல்லாமல் போயிற்று. எரர் வந்தால் தேதியைப் பின்னுக்குத் தள்ளினால் தீர்ந்தது. திங்கட்கிழமை எழுதிய கோடுக்குச் செவ்வாய்க்கிழமை முப்பது வயது. ஒருவர் தான் பிறப்பதற்கு முன்பே ஒரு ஃபைல் எழுதியிருந்தார். நான் மேசை மேசையாகப் போய்ச் சண்டை போட்டேன்.

அடுத்த மாதம் ஒரு புது லிஃப்டுக்குச் சோதனை. மணல் மூட்டை ஏற்றிய ஸ்ட்ரெச்சரை மாமாவே தள்ளிக்கொண்டு போனார். இருபத்தாறு நொடி திறந்திருக்க வேண்டிய கதவு கண்மூடித் திறப்பதற்குள் மூடி, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. கையை விடுவித்ததும் திரையில் பார்த்தோம். பத்தில் ஒரு நொடிக் கணக்கில் 260 என்று எழுதியிருந்தது. உள்ளே போனது 4. ஃபைலின் தேதி முப்பது வருடத்துக்கு முந்தையது.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் வீங்கிய கையோடு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் எழுதியிருப்பேன்,” என்றார் மெதுவாக. “ஞாபகம் இல்ல. இப்பல்லாம் நிறைய மறந்துபோகுது.”

அந்தக் குரலை நான் வீட்டில்கூடக் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அந்தச் சபலம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

“மாமா, அத எழுதுனது நான்.”

அவருடைய பழைய கோடிலிருந்து இருபது வரி எடுத்துப் போட்டிருந்தேன். பதினேழு எரர் வந்தது. சொன்ன நாளில் ஃபைலைக் கொடுக்க வேண்டும். அவர் ஃபைலின் தேதியை என் ஃபைலின் தலையில் வைத்தேன். அந்தப் பதினேழோடு, அதன்பின் நான் எழுதிய 260ம் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது.

மாமாவின் முகம் மலர்ந்தது. “அப்பாடா, நீதானா,” என்றார். கோபமே இல்லை, அவ்வளவு நிம்மதி. எனக்குக் கூசிப்போயிற்று.

மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். குடும்பத்துக்குள் எதற்கு வம்பு, அறிக்கையில் ‘பழைய கோடில் இருந்த பிழை’ என்று எழுதிவிடலாம், தேதியும் ஒத்துப்போகிறது என்றார்.

“என் பேரப் போடுங்க சார்,” என்றேன். “நான் எழுதுன தேதியையும் போடுங்க.”