மயிலம் வரைக்கும் தூக்கம்

கலைமதிக்கு நாற்பத்தாறு வயதில் ஓர் ஆசை வந்தது. செலவில்லாத ஆசை, அதனால்தான் வரவே முடிந்தது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "உங்களுக்குன்னு ஏதாவது ஒண்ணு வச்சுக்கோங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். கீபோர்டு வகுப்பில் விசாரித்தால் மாதக் கட்டணத்தைக் கேட்டே அழுத்தம் ஏறியது. அந்தச் சமயம் பார்த்து மகள் புதுப் போன் வாங்கிக்கொண்டு, மூலையில் விரிசல் விட்ட பழையதை அம்மாவிடம் தள்ளிவிட்டாள். கேமரா மட்டும் நன்றாக இருந்தது. சரி, படம் எடுத்துத்தான் பார்ப்போமே என்று ஆரம்பித்தாள்.

எடுக்க என்ன இருக்கிறது அவளிடம்? விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடுகிற வேலை, திண்டிவனத்தில் வீடு. காலையில் ஒரு ரயில், சாயங்காலம் ஒரு ரயில், நடுவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை மண்டகப்பட்டுக் குகைக்கோயிலை எடுக்கலாமென்று நினைத்தாள். நினைத்ததோடு சரி, ஒரு வாரத்து அழுக்குத் துணி விட்டால்தானே. மிச்சம் இருந்தது சாயங்கால ரயில். அதில் பெண்கள் பெட்டி மொத்தமும் தூங்கும்.

பக்கத்து இருக்கை அம்சவள்ளியக்கா தூங்குவதுபோல யாரும் தூங்க முடியாது. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு. விற்கிறவர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் வந்தது, நாற்காலியும் வந்தது, அதன்மேல் மடித்த சேலைகள் சுகமாக உட்கார்ந்திருக்கின்றன. அக்கா காலை எட்டிலிருந்து நின்றே கிடப்பவள். கடை ஸ்டேஷனுக்குப் பக்கம் என்பதால் முதலில் வந்து, பக்கத்து இருக்கையில் கர்சீப்பைப் போட்டுக் கலைமதிக்கு இடம் பிடித்து வைப்பாள். ஒன்பது வருஷமாக அப்படித்தான். பதிலுக்குக் கலைமதிக்கு ஒரே ஒரு வேலை. திண்டிவனத்துக்கு முந்தின ஸ்டேஷன் மயிலம் வந்ததும் எழுப்ப வேண்டும். வீங்கின காலைச் செருப்பில் நுழைக்கத் திண்டிவனம் வரைக்கும் ஆகும்.

ஒரு நாள் பொழுது சாய்கிற வெளிச்சம் ஜன்னல் வழியாக அக்கா முகத்தில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, செருப்பை விட்டு வெளியே வந்த பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. கலைமதி எடுத்துவிட்டாள். கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. கூடவே வருகிற மனுஷியிடம் என்ன கேட்பது?

ஸ்கேன் சென்டரில் கூட வேலை பார்க்கிற அலெக்ஸ் அந்தப் படத்தைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டு, "அக்கா, செமயா இருக்கு" என்று ஃபேஸ்புக்கில் போட்டான். கீழே கலைமதி பெயரையும் போட்டான். முன்பின் தெரியாத ஜனங்கள் எல்லாம் கைதட்டினார்கள். ரசம் கொதித்து வழிவதுகூடத் தெரியாமல் அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் செய்த எதையும் யாரும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. சந்தோஷமாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் ரயிலில் அக்கா கேட்டாள். "அந்தப் படம் நீ எடுத்ததா, கலை?"

"ஆமாக்கா. பாத்தியா?"

"நான் எங்க பாக்கறது. சூப்பர்வைசர் பாத்துட்டு கடை குரூப்புல போட்டுட்டான். சேலை செக்‌ஷன் தூங்கற லட்சணத்தப் பாருன்னு. சின்னச் சின்னப் பொண்ணுங்க என்னைப் பாத்து வாயைத் தொறந்து காட்டிக்கினு சிரிக்குதுங்க."

"ரயில்ல தூங்குனதுதானேக்கா அது?"

"எங்க தூங்கனா இன்னா? எடுன்னு உன்னைக் கேட்டேனா நானு?"

அன்றைக்கே கலைமதி அலெக்ஸிடம் சொல்லிப் படத்தை நீக்க வைத்தாள். கடை குரூப்பில் இருப்பதை யார் நீக்குவது?

மறுநாள் இருக்கையில் கர்சீப் இருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் ஏறினாள். இருந்தது. அக்கா எப்போதும்போல அதை எடுத்து இடம் விட்டாள். ஆனால் தூங்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணை விரித்துக்கொண்டு, திண்டிவனம் வரைக்கும் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தாள். திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை. ஒருநாள் முழுக்க அந்த மனுஷிக்கு இருந்ததே இந்தக் கொஞ்ச நேரத் தூக்கம்தான், அதையும் பிடுங்கிக்கொண்டாயிற்று.

"தூங்குக்கா."

"தூக்கம் வர்ல."

நாலு நாள் இப்படியே போயிற்று. நாலாம் நாள் முண்டியம்பாக்கத்தில் அக்காவின் தலை தானாகச் சரிந்தது. வெடுக்கென்று விழித்தவள் முதலில் கலைமதியின் கையைத்தான் பார்த்தாள். போன் இருக்கிறதா என்று.

ஐந்தாம் நாள் விழுப்புரத்தில் வண்டி கிளம்பியதுமே போனை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இன்னாத்துக்கு?"

"நீயே வச்சுக்கோக்கா. திண்டிவனத்துல குடு."

அக்கா அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். கர்சீப்பில் சுற்றி, இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டாள். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் தலை சாய்ந்து, கலைமதியின் தோளில் வந்து விழுந்தது. வாய் திறந்துகொண்டது.

அன்றைக்கு வெளிச்சம் மஞ்சளாக இறங்கி, அந்தக் கர்சீப்பின்மேலும், அதை விடாமல் பிடித்திருந்த விரல்களின்மேலும் நின்றது. இவ்வளவு நல்ல படம் இனி ஒன்று அமையாது என்று கலைமதிக்குத் தெரிந்தது. கை பரபரத்தது. பார்த்துக்கொண்டே வந்தாள், பேரணி ஸ்டேஷனும் போயிற்று.

மயிலத்தில் வண்டி நின்றது. இன்னும் ஒரு நிமிஷம் போகட்டும் என்று விட்டாள். பிறகு தோள் அசையாமல் காலை நீட்டி, அக்காவின் செருப்புகளை அந்தப் பாதங்களுக்கு நேராகத் தள்ளி வைத்தாள்.

"அக்கா, மயிலம் வந்துடுச்சு."