ஏரிச் சேற்றின் மேல் ஒரு நாற்காலி

"கடவுள் செஞ்ச வேலைங்க அது. என் வீடும்தான் ஆடுச்சு. ஊருக்கே ஒரே ஆட்டம்!" என்றார் கட்டடக்காரர், விசாரணை அதிகாரியின் முன்னால் காய்ந்த கண்ணைக் கைக்குட்டையால் துடைத்தபடி.

எதிரே இருந்த கருவிக்காரி அந்தக் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூமியின் அதிர்வை அளக்கும் கருவிகளைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. பெரிய நிலநடுக்கம் வந்த அன்று குன்றின் மேல் அலுவலகத்தில் இருந்தாள். ஒரு குலுக்கல், அவ்வளவுதான். உடனே தங்கையிடமிருந்து போன். "அக்கா, நிக்கவே மாட்டேங்குதுக்கா..." அத்தோடு சரி. இந்த மகராசன் கட்டிய ஆறு மாடியும் அந்தப் பெண்ணின் மேல் உட்கார்ந்துவிட்டது.

ஏரியைக் குப்பை கொட்டித் தூர்த்து அதன் மேல் எழுப்பிய குடியிருப்பு அது. தூண்களை அடிப்பாறை வரை இறக்கியிருக்க வேண்டும். ஆசாமி பாதிச் சேற்றோடு நிறுத்திக்கொண்டார். தனக்கு மட்டும் குன்றின் மேல், பாறையைக் குடைந்து பங்களா! எல்லா இடத்திலும் ஒரே ஆட்டம் என்று அதிகாரி முடிவு செய்துவிட்டால் இவர் கையை வீசிக்கொண்டு அடுத்த ஏரியைத் தூர்க்கப் போய்விடுவார். அவரை அப்படி விடுவதாக இல்லை அவள்.

"ஏரியிலயும் இவர் வீட்டுலயும் கருவி வச்சுப் பாத்துடலாம் சார். பெரிய நடுக்கத்துக்கு அப்புறம் குட்டி நடுக்கம் வந்துகிட்டேதான் இருக்கும்."

"தாராளமா வைம்மா! எங்க ஹால்லயே வை," என்றார் கட்டடக்காரர் பெருந்தன்மையாக.

வைத்தாள். அந்த வாரமே ஒரு நடுக்கம் வந்தது. பங்களாக் கருவி வரைந்த கோடு லேசாக நெளிந்து அடங்கியது. ஏரிக் கருவியிலோ அதே கோடு பேயாட்டம் ஆடியிருந்தது, அதுவும் நெடுநேரம்.

"பாறையில அலை வந்த வேகத்துல ஓடிடும் சார். சேத்துக்கு வந்தா வேகம் கொறையும், ஆட்டம் பெருகும். கீழ பாறை, மேல தரை, நடுவுல மாட்டிகிட்டு முட்டி மோதிகிட்டே கிடக்கும்," என்று அதிகாரிக்கு விளக்கினாள்.

"மிஷின் கோளாறு சார்! தங்கச்சி போன வயித்தெரிச்சல்ல இந்தப் பொண்ணே ஏதாவது பண்ணியிருக்கும்," என்றார் கட்டடக்காரர்.

அடேயப்பா, இந்த வார்த்தைக்காகத்தானே அவள் காத்துக் கிடந்தாள்!

"சரிங்க. வீட்டுக் கருவிய ஏரிக்கு மாத்துவோம், ஏரிக் கருவிய வீட்டுக்கு. நான் கிட்டயே வரல. ஏரிப் பக்கம் நீங்களே காவலுக்கு உக்காருங்க."

அதிகாரிக்கு அது நியாயமாகப் பட்டது. கட்டடக்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

இடிபாடுகளை அள்ளிய வெற்றுத் தரையில் நாற்காலி போட்டு, குடையும் கையுமாக நாள் தவறாமல் உட்கார்ந்தார். பக்கத்தில் அதிகாரி. அவள் சாலையோரம் நின்றாள்.

ஒரு மத்தியானம் அவர் பங்களாவில் இருந்த மனைவியோடு போனை ஸ்பீக்கரில் போட்டுச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அடுத்த நடுக்கம் வந்தது. நாற்காலி சாய்ந்தது. குடை ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம். எழுந்தார், விழுந்தார், தரையைக் கட்டிக்கொண்டார்.

"ஐயோ, நிக்கவே மாட்டேங்குதுடி!"

புழுதியில் கிடந்த போனிலிருந்து அம்மாள் குரல் நிதானமாகக் கேட்டது. "என்னதுங்க நிக்கல? இங்க லேசா ஒரு குலுக்கு, அப்பவே முடிஞ்சிடுச்சே. தண்ணி டம்ளர்கூட நகரல."

குந்தியபடி நடுங்கிக்கொண்டிருந்த அதிகாரி போனைப் பார்த்தார். பிறகு கட்டடக்காரரைப் பார்த்தார். அதற்கு மேல் அவருக்கு எந்தக் கோடும் தேவைப்படவில்லை.

ஆட்டம் ஓய்ந்ததும் அவள் வந்தாள்.

"தூக்கி விடும்மா," என்று கட்டடக்காரர் கையை நீட்டினார்.

அவள் குனிந்து கருவியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"என் தங்கச்சியும் உங்கள மாதிரி 'நிக்கவே மாட்டேங்குது'ன்னுதான் சொன்னா. அவ மேல ஆறு மாடி இருந்துச்சு. உங்க மேல வெறும் குடைதானே, நீங்களே எந்திரிங்க."