சிவப்பு வராத வண்டி

அந்தக் காரைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள். பின்னால் இரண்டு ஆட்கள் மூச்சு வாங்க, உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தையல்கார அம்மா. பள்ளிச் சீருடை தைத்து, மலை மேலே இருக்கிற இரண்டு பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். பின் சீட்டு முழுக்க நீலத் துணி மூட்டை. இறங்கிய வேகத்திலேயே, இதுவரை இரண்டு கடைகளில் பார்த்தாயிற்று, பேட்டரி இரண்டு முறையும் ஆல்டர்னேட்டர் ஒரு முறையும் மாற்றியாயிற்று, இனி யாராவது எதையாவது மாற்றச் சொன்னால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. என்னிடம் வருகிறவர்கள் ஒன்று கெஞ்சுவார்கள், இல்லாவிட்டால் எல்லாம் தெரிந்த மாதிரி அளப்பார்கள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, நீ என்ன கிழிக்கிறாய் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

நான் கார் எலக்ட்ரீஷியன். வாய்க்கொழுப்பு அதிகம் என்று தெருவில் எனக்குப் பெயர். கையும் அதே அளவுக்கு ஓடுவதால் பொறுத்துக்கொள்கிறார்கள். சொந்தத்தில் யார் பழைய வண்டி வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்குவதில்லை. எட்டு மாதத்துக்கு முன் என் தங்கையும் கேட்டாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர், இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அது மாறவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பழைய கார் விற்கிற புரோக்கரிடமிருந்து ஒரு வெள்ளைக் காரை ஓட்டிப் பார்க்க வாங்கிக்கொண்டு நேரே என் கடை வாசலில் வந்து நின்றாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பின்னாலிருந்து ஹாரன் அடிக்கச் சொல்லிக் கத்தின. நான் கையைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகத் தலையை விட்டு டேஷ்போர்டைப் பார்த்தேன். ஒரு சிவப்பு விளக்குகூட இல்லை, தங்கமான வண்டி, கண்ணை மூடிக்கொண்டு எடு என்றேன். அந்த வண்டியில்தான் இன்று விடியற்காலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலை மேல் இருக்கிற நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தாள். சாப்பிட்டதும் இறங்கிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள்.

தையல்கார அம்மாவின் பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தது. கடையில் சார்ஜ் ஏற்றி வைத்திருந்த ஒன்றை மாட்டி ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குக் கரண்டைத் திருப்பி ஊட்ட வேண்டும். மல்டிமீட்டரை வைத்தால் பதினாலு வோல்ட் காட்ட வேண்டும். இது பன்னிரண்டரை காட்டியது. பார்க்கப் பார்க்கப் பன்னிரண்டுக்கு இறங்கியது. ஊட்டவில்லை, இருப்பதைத் தின்றுகொண்டிருந்தது.

பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. தடித்த கம்பியை முனையிலிருந்து முனைவரை சோதித்தேன், அதிலும் குற்றமில்லை. அப்புறம் சும்மா ஒரு எரிச்சலில் ஆக்ஸிலேட்டரை ஓங்கி அழுத்தினேன். இன்ஜின் அலறியது, மல்டிமீட்டர் ஒரே தாவலாகப் பதினாலேகாலுக்குப் போனது. காலை எடுத்த பிறகும் அங்கேயே நின்றது.

ஊருக்குள் மெதுவாகச் சுற்றும் நாளில்தானே நின்றுபோகிறது, மலை ஏறும் நாளில் தொந்தரவு தருவதில்லையே என்று கேட்டேன். தையல்கார அம்மா முதல் முறையாக என்னை ஒரு மனிதனாகப் பார்த்தார். ஆமாம் என்றார்.

ஆல்டர்னேட்டரில் கோளாறில்லை. அது தூங்குகிறது. இந்த மாதிரி வண்டியில் சாவியைத் திருப்பியதும் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரியும். அந்தக் குட்டி பல்ப் வழியாகப் போகிற துளிக் கரண்டுதான் ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்பும். பல்ப் இல்லாவிட்டால் எழுப்ப ஆளில்லை. யாராவது இன்ஜினை அலறவிடும்வரை அது பாட்டுக்குக் கிடக்கும்.

இன்ஜினை நிறுத்தி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினேன். ஆயில் விளக்கு எரிந்தது. பேட்டரி விளக்கு வரவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துத்தான் வைத்திருந்தேன்; பிரேக் விளக்கும் வரவில்லை. ஒரு பல்ப் ஃபியூஸ் போகலாம். பக்கத்தில் இருக்கிற இரண்டும் ஒன்றாகப் போகுமா என்று அப்போதே மனசுக்குள் ஏதோ நெருடியது.

நான்கு திருகாணியைக் கழற்றி, மீட்டர் போர்டை வெளியே இழுத்துத் திருப்பினேன். இரண்டு பல்ப் துளைகள் காலியாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் சதுரமாக வெட்டிய கறுப்பு டேப். டேப்பின் நடுவில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு.

அது என் மனைவியின் நகப்பாலிஷ்.

நான் கை வைக்கிற எந்த இடத்திலும் அதில் ஒரு பொட்டு வைப்பேன். நாளைக்கு வேறு எவனோ சொதப்பியதை என் தலையில் கட்டக்கூடாது பாருங்கள், அதற்காக. பாட்டிலைக் காணோம் என்று வீட்டில் பாட்டு வாங்காத வாரமில்லை. இந்தத் தொழிலில் வேறு யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

போன வருஷ மழையில் கடை ஈயடித்துக்கொண்டிருந்தபோது புரோக்கரின் ஆள் வருவான். காரைக் கொண்டுவர மாட்டான். மீட்டர் போர்டை மட்டும் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு வருவான். உள்ளே ஒரு துண்டுச்சீட்டு இருக்கும்: பேட்டரி, பிரேக். அல்லது பிரேக், ஆயில். சில சீட்டில் மூன்றும். சீட்டில் உள்ள பல்பைப் பிடுங்கி, துளையை மூடித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கோளாறையெல்லாம் சரிசெய்தாகிவிட்டது, விளக்கு மட்டும் அணையாமல் நின்று வாங்குகிறவர்களைச் சும்மா பயமுறுத்துகிறது என்று புரோக்கர் போனில் சொன்னார். நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். கேட்காமல் இருந்தேன். பதினொரு போர்டு செய்தேன். என் மேஜையில் அவை வெறும் பிளாஸ்டிக். அவற்றுக்குப் பின்னால் சக்கரம் இருக்கிறது, ஆள் உட்காரும் சீட்டு இருக்கிறது என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை. அதனால்தான் தங்கை அந்தக் கடைப் பெயரைச் சொன்னபோதும் எனக்கு உறைக்கவில்லை.

எங்கே வாங்கினீர்கள் என்று தையல்கார அம்மாவிடம் கேட்டேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் என்றார். பல்ப் எப்படிக் காணாமல் போகும் என்று அவர் திருப்பிக் கேட்டார். பழைய வண்டிதானே, எவன் கைபட்டதோ என்றேன். என் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே அருவருப்பாக இருந்தது.

புது பல்ப் இரண்டைப் போட்டு போர்டை மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் பேட்டரி விளக்கு எரிந்தது; ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது. ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே பதினாலேகால் வோல்ட். வேறு நாளாக இருந்தால் அரை மணி நேரம் பெருமையடித்திருப்பேன். பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். அப்போதும் எரிந்தது; பிரேக் ஆயில் குறைந்தாலும் இதே விளக்குதான் எரியும்.

பானெட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தேன். அடியில் ஒரு ஸ்பூன் அளவுக்குக் கறுப்பாக ஏதோ இருந்தது. குனிந்து பின் சக்கரத்தின் உள்பக்கம் விரலை வைத்தேன். ஒழுகிய பிரேக் ஆயிலில் நனைந்திருந்தது.

மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

“ஒரு தடவை மிதிச்சா புடிக்காது. ரெண்டு மூணு தடவை மிதிக்கணும்” என்றார் தையல்கார அம்மா. “பழைய வண்டி அப்படித்தான்னு பழகிட்டேன்.”

வாலுவின் காரில் ஒரு சிவப்புகூட இல்லை என்று சொன்னேனே, இன்ஜினை நிறுத்திச் சாவியைத் திருப்பிப் பார்த்தேனா? ஓடுகிற வண்டியில் விளக்கு அணைந்துதான் இருக்கும். எரிய வேண்டிய நேரத்தில் எரிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கற்றுக்குட்டிகூடப் பார்ப்பான். ஹாரன் சத்தத்தில் நான் பார்க்கவில்லை.

மணி இரண்டு. அவளுக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். வண்டி ஓட்டும்போது போனை எடுத்தால் கையை உடைப்பேன் என்று அவளிடம் சொன்னதே நான்தான். எந்தப் பேச்சையும் கேட்காதவள் இதை மட்டும் கேட்டிருந்தாள். பதினாலாவது முறையோ என்னவோ, எடுத்தாள்.

சின்னவன் வாந்தி வருகிறது என்றானாம், ஓரங்கட்டியிருக்கிறாளாம். பாதி மலை இறங்கியாயிற்று, இனிமேல்தான் பெரிய வளைவுகள் என்றாள். ஏன் இப்படி உயிரை வாங்குகிறாய் என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சக்கரத்துக்கு முன்னால் பெரிய கல்லாகப் பார்த்து வைக்கச் சொன்னேன். பிள்ளைகளை இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி நிற்க வைக்கச் சொன்னேன். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும், மறுபேச்சில்லாமல் செய்தாள். அப்புறம் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னேன்.

“சிவப்பா என்னென்ன எரியுது?”

“ஒண்ணுமே எரியலையே” என்றாள். “அது நல்லதுதானேண்ணா? நீதானே சொன்ன.”

பிரேக்கை மிதித்துப் பார் என்றேன். பின்னால் பெரியவள் தம்பியை ஏதோ அதட்டுவது கேட்டது.

“தரை வரைக்கும் போகுதுண்ணா” என்றாள் வாலு. அவள் குரல் சின்னதாகிவிட்டிருந்தது. “காலையில இப்படி இல்ல.”

இனி அந்த வண்டியில் யாரும் ஏற வேண்டாம், அங்கேயே இரு, நான் வருகிறேன் என்றேன். என்ன ஆச்சு, விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டாள். தையல்கார அம்மாவிடம் சொன்ன அதே பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதை அவளிடம் சொல்ல முடியவில்லை.

“அந்த பல்பைப் புடுங்குனது நான்தான், வாலு.”

சீக்கிரம் வா என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். திரும்பினேன். தையல்கார அம்மா நாற்காலியை விட்டு எழுந்து எனக்குப் பின்னால் நின்றிருந்தார். மேஜையில் நான் கழற்றிப் போட்ட கறுப்பு டேப் துண்டுகள் இரண்டும் அவர் உள்ளங்கையில், ஊதாப் பொட்டு மேலே தெரியும்படி இருந்தன.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“மொத்தம் எத்தனை வண்டி?” என்று கேட்டார்.

“பதினொண்ணு.”

“என்னுது ஒண்ணு, உங்க தங்கச்சிது ஒண்ணு. மிச்சம் ஒம்பது யார்கிட்ட இருக்கு?”

எனக்குத் தெரியாது. நிறம்கூடத் தெரியாது. புரோக்கரின் எண்ணை எடுத்துப் போட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷட்டரை இழுக்கப் போனேன். தெருமுனையிலிருந்து ஒரு பழைய கார் வந்துகொண்டிருந்தது. கடைக்கு எதிரே யாரோ குறுக்கே நடந்தார்கள். அது நிற்கிறதா என்று நாங்கள் இருவரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.