நூறு பேர் நோட்டு

பார்லர்காரிக்கு ஓட்டை வாய் என்று அந்தத் தெருவில் யாரும் அதுவரை சொன்னதில்லை. பதினோரு வருஷமாக அந்த ஒற்றை அறையில், ஒரே ஒரு சுழல் நாற்காலியை வைத்துக்கொண்டு எத்தனை தலைக்கு டை அடித்திருப்பாள்! டை பிடிக்க முப்பது நிமிஷம் ஆகும். கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஒருத்தி எவ்வளவு நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பாள்? வாய் தானாகத் திறந்துகொள்ளும். மாமியார், மருமகள், புருஷனின் குடி எல்லாம் வரும். இவள் கேட்பாள், "அடடா" என்பாள், அதோடு சரி. இந்தக் காதில் வாங்கியது இன்னொரு ஆளின் காதுக்குப் போகாது. கடை ஓடியதே அதனால்தான். வேலைத்திறமை சுமார்தான், உள்ளதைச் சொல்ல வேண்டுமில்லையா?

சத்துப் பவுடர் கம்பெனியில் சேரச் சொல்லி அவளிடம் வந்து போனவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. டப்பாவை விற்க வேண்டும், நமக்குக் கீழே ஆள் சேர்க்க வேண்டும், அவர்களுக்குக் கீழே அவர்கள் சேர்க்க வேண்டும், நாம் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பார்கள். "எல்லாரும் உட்கார்ந்துட்டா யாருப்பா டப்பா வாங்கறது?" என்று கேட்டு அனுப்பிவிடுவாள்.

அப்படிப்பட்டவளையும் விழவைத்தது சொந்த அக்காதான். அக்கா மூன்று வயது மூத்தவள். சின்ன வயதிலிருந்தே தங்கச்சி எதைச் செய்தாலும் அதில் ஒரு நொட்டை சொல்லாமல் இருந்ததில்லை. அந்த அக்கா, தான் ஏற்கெனவே சேர்ந்திருந்த அந்தக் கம்பெனியின் கூட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இவளைக் கையோடு அழைத்துப்போய், இருநூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்துச் சொன்னாள்: "என் தங்கச்சி மாதிரி ஒரு கெட்டிக்காரியை நான் பார்த்ததே இல்ல. தனி ஆளா கடையை நடத்தறா. அவளைப் பார்த்துத்தான் எனக்கே தைரியம் வந்துச்சு."

இருநூறு பேரும் கை தட்டினார்கள். பார்லர்காரிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நாற்பது வயதில் முதல் தடவை! கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள்.

சேர்ந்ததும் ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுத வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே அவர்களின் மனக்குறையை எழுத வேண்டும்.

"குறை எதுக்குக்கா?"

"குறை தெரிஞ்சாத்தானேடி உதவ முடியும்?"

மற்றவர்கள் இருபது பெயருக்கே விழி பிதுங்கினார்கள். இவளுக்கு என்ன கஷ்டம்? ஒரே மூச்சில் எண்பத்தேழு பெயர். டீச்சர்: இரண்டு தடவை கரு கலைந்துவிட்டது. தையல்காரி: மகள் பேசுவதில்லை. மருந்துக்கடை அம்மா: மகன் போன் செய்வதில்லை, பேச்சுத்துணைக்கு ஆளில்லை. எழுதும்போது மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அக்கா பக்கத்தில் நின்று, "எப்படி எழுதறா பாருங்க!" என்று எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கம் பக்கமாகப் போட்டோவும் எடுத்துக்கொண்டாள். கம்பெனியில் மேலே இருப்பவர்கள் இவளுக்காக அவர்களிடம் பேசிச் சேர்த்துத் தருவார்களாம்.

மூன்றாவது வாரம் டீச்சர் கடைக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

"நேத்து ஒரு பொண்ணு போன் பண்ணினா. இந்தப் பவுடரைக் குடிச்சா, ரெண்டு தடவை கலைஞ்சவங்களுக்குக்கூட நிக்கும்னு சொன்னா. அந்த ரெண்டு தடவை என் புருஷனுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். டாக்டர் பவுடர் விக்கறதில்ல."

பார்லர்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் டீச்சர் படியிறங்கிவிட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது. இன்னும் எண்பத்தாறு பேர் பாக்கி. இது தெருவுக்குத் தெரிந்தால் அந்த நாற்காலியில் இனி யார் வந்து உட்காருவார்கள்?

கடையைச் சாத்திவிட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனாள்.

"அந்தப் போட்டோவை எல்லாம் அழிச்சிடுக்கா."

"மேல அனுப்பியாச்சுடி. என் கையில என்ன இருக்கு? இரு, டீ போடறேன்" என்று அக்கா சமையலறைக்குள் போனாள்.

மேஜைமேல் அக்காவின் நோட்டு கிடந்தது. பார்லர்காரி பிரித்தாள். முதல் பக்கம், முதல் பெயர் அவளுடையதுதான். நேரே, குண்டு குண்டாக அக்காவின் கையெழுத்து: 'தங்கச்சி. யாரும் பாராட்டினதில்லை. நாலு பேர் முன்னால் நல்லதாக இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.'

டம்ளரோடு வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"பொய்யா சொன்னேன்? நீ கெட்டிக்காரிதானே?"

"அப்ப ஏன்க்கா இத்தனை வருஷமா சொல்லல?"

அக்கா டம்ளரை மேஜைமேல் வைத்தாள். "என்னைப் பத்தி எவ என்ன எழுதினாளோ, நான் போய்ப் பார்க்கல. என்னைச் சேர்க்க ஒருத்தி வந்தா. மணிக்கணக்கா நான் பேசறதைக் கேட்டா. எனக்கு அது போதுமா இருந்துச்சு" என்றாள், சின்னக் குரலில்.

பார்லர்காரி சண்டை போடத்தான் வந்திருந்தாள். முடியவில்லை. திரும்பிப் போய்விட்டாள்.

கடைக்குள் உட்கார்ந்து, நோட்டில் எழுதிய ஒவ்வொருவருக்கும் போன் போட்டாள். "உங்க மனசுல இருக்கறது தெரிஞ்ச மாதிரி யாராவது போன்ல பேசினா, அதைச் சொன்னது நான்தான். என்னைத் திட்டுங்க, ஆனா சேராதீங்க." கடை போனால் போகட்டும், தெரியாத எவளோ வந்து அவர்கள் புண்ணில் விரலை விட்டுக் குடைய வேண்டாம் என்று தோன்றிவிட்டது. டீச்சர் எடுக்கவே இல்லை. தையல்காரி காது கூசுகிற மாதிரி திட்டினாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

மருந்துக்கடை அம்மா முதல் மணியிலேயே எடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும், "அட, நீதான் சொல்லிவிட்டியா? நல்லா இருப்ப!" என்றாள். "தங்கமான பொண்ணும்மா அது. சாப்டீங்களா, கால் வலி எப்படி இருக்குன்னு தினமும் கேக்கறா. என் பையன் கேட்டிருப்பானா? நேத்துதான் சேர்ந்தேன்."

"அம்மா, அது அன்பு இல்லம்மா. வேணாம், விட்டுடுங்க."

"இருக்கட்டுமே. இல்லேன்னா யாரு எனக்குப் போன் பண்ணப் போறா?" அந்த அம்மாள் சிரித்தாள். "ஒரு நோட்டு குடுத்திருக்காங்க. நூறு பேருக்கு நான் எங்க போவேன்? உன் பேரைத்தான் முதல்ல எழுதியிருக்கேன். பேருக்கு நேரே என்ன எழுதறதுன்னு தெரியல. வருஷக்கணக்கா உன்கிட்ட வர்றேன், நானே பேசிட்டுப் போயிருக்கேன், உன்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல பாரு. உனக்கு என்னம்மா குறை?"

பார்லர்காரி போனை வைத்துவிடத்தான் நினைத்தாள். அந்தக் குரலில் அவ்வளவு பரிவு இருந்தது.

"எங்க அக்காம்மா" என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள்.